பங்காளியோட கூட்டுக் கிணறு, எரிஞ்ச மோட்டார்: கேம் தியரி இதுக்கு உதவுமுங்களா?

மஞ்சக்காட்டான் கேட்டது:

வணக்கங்க. ஈரோடு மாவட்டம், சிவகிரிக்குப் பக்கத்துல ஒரு கிராமம். ரெண்டரை ஏக்கர் பூமி. ரெண்டு ஏக்கர் மஞ்சள், மீதி மாட்டுக்குச் சோளத்தட்டு. பி.காம். படிக்கறப்போ ஒரு வாத்தியார் கேம் தியரின்னு, அடுத்தவன் என்ன செய்வான்னு பார்த்து நாம முடிவெடுக்கற கணக்கை, ரெண்டு கைதிக கதையா வைச்சுச் சொன்னார். இத்தனை வருசம் கழிச்சு, ராத்திரி தூக்கம் வராம கட்டல்ல கிடக்கறப்போ அது ஞாபகத்துக்கு வருது. அதனாலதான் இங்க கேக்கறேன்.

எங்க தாத்தா வெட்டுன கிணறு, 70 அடி. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரிச்சப்போ பூமியை ரெண்டா அளந்துட்டாங்க. கிணத்தை அளந்து பிரிக்க முடியாதில்லீங்களா, அதனால மூணு நாள் அவங்க முறை, மூணு நாள் எங்க முறை. விடியக்காலம் ஆறு மணிக்கு முறை மாறும். பெரியப்பா இருந்தவரைக்கும் இதுல ஒரு சொல் வந்ததில்லை. இப்ப அவர் பங்கு பெரியப்பா மகனுக்கு. எனக்கு அண்ணன். ரெண்டு வருசமா நாங்க பேசிக்கறதில்லை. வரப்புல நின்ன ஒரு வேப்பமரத்துல ஆரம்பிச்சது, அதை இங்க இழுக்க வேண்டாம்.

ஐப்பசியில இடி மழை பேஞ்ச ராத்திரி மோட்டார் எரிஞ்சுபோச்சு. ஏழரை ஹெச்.பி. காயில் கட்டறவர் வந்து பார்த்துட்டு, இனி இதைக் கட்டிப் பிரயோசனமில்லை, புது மோட்டார், பைப்பு, ஸ்டார்ட்டர், இறக்கற கூலி எல்லாம் சேர்த்து 60,000 ஆகும்னுட்டார். பாதி நான் தர்றேன்னு ஆள் விட்டுச் சொன்னேன். அண்ணன் சொல்லி அனுப்புனது இதுதான்: “மோட்டார் முழுசையும் அவனே போடட்டும். இனிமே நாலு நாள் எனக்கு, ரெண்டு நாள் அவனுக்கு.”

அவருக்குத் தனியா ஒரு போர்வெல் இருக்குது, ஒன்றரை இஞ்சு தண்ணி வருது. நாலு ஏக்கர் தென்னை. தென்னை தாங்கும். மஞ்சள் தாங்காதுங்க. ஆனியில நட்டது, பங்குனியில வெட்டு. இது கிழங்கு திரளற நேரம். மழை நின்னு 16 நாள் ஆச்சு, இலை மத்தியானத்துல சுருள ஆரம்பிச்சிருக்குது. நானும் போர் போடலாம்னு திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரரைக் கேட்டேன். ரெண்டு லட்சத்துக்கு மேல சொல்றார், தண்ணி வரும்னு யாரும் எழுதித் தரமாட்டாங்க.

மீதி மாசத்துக்குத் தண்ணி பாஞ்சா ஒரு கணக்கு, பாயாம விட்டா ஒரு கணக்கு. ரெண்டுக்கும் எனக்கு வித்தியாசம் 1,40,000. அண்ணனுக்கு இளநீர், காய் எல்லாம் சேர்த்து 40,000 இருக்கும்னு என் மதிப்பு.

என் கையில ஒண்ணே ஒண்ணு இருக்குது. அவர் தோப்புக்குப் போற வண்டித்தடம் எங்க காட்டு வழியாத்தான் போகுது. பத்திரத்துல தடத்தைப் பத்தி ஒரு வரியும் இல்லை. “ஒரு லோடு முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சுடு, ரெண்டே நாள்ல வழிக்கு வருவான்”னு மச்சான் சொல்றார். காய் ஏத்த லாரி வர்ற வாரம் இது.

அடைக்கலாமா? இல்ல அண்ணன் கேட்டதைக் கொடுத்துட்டு மஞ்சளைக் காப்பாத்தறதா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கரும்பலகை:

தம்பி, 31 வருடம் பெண்கள் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவள் நான். பேரம் பற்றிய பாடத்துக்குத் தொழிற்சங்கமும் முதலாளியும் என்றுதான் உதாரணம் கொடுப்பேன். உங்கள் கிணற்றில் அந்தப் பாடம் முழுவதும் இருக்கிறது.

கைதிகள் கதையை ஓரமாக வையுங்கள். அதில் இருவரும் பேசிக்கொள்ள முடியாது, எழுதி வாங்கவும் முடியாது. உங்களுக்கு வேண்டியது வேறு பகுதி. 1950இல் ஜான் நாஷ் என்ற கணித அறிஞர், அப்போது வயது 21, பேரத்தைப் பற்றிச் சில பக்கக் கட்டுரை ஒன்று எழுதினார். யார் பக்கம் நியாயம் என்று அவர் பார்க்கவில்லை. பேச்சு முறிந்துபோனால் ஆளுக்கு என்ன மிஞ்சும் என்று பார்த்தார். அதை முறிவு நிலை என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலைக்கு மேல் இருவருக்கும் கிடைக்கிற லாபத்தை ஒன்றோடொன்று பெருக்குங்கள். எந்தப் பங்கீட்டில் அந்தப் பெருக்குத்தொகை மிகப் பெரிதாக வருகிறதோ அதுவே தீர்வு என்றார். பணமாகக் கைமாற்றிக்கொள்ளக் கூடிய இடத்தில் இது இன்னும் சுலபம்: சேர்ந்ததால் வரும் கூடுதல் லாபம் சரிபாதி.

உங்கள் எண்களையே போட்டுப் பார்த்தேன். மோட்டார் ஓடினால் உங்களுக்கு 1,40,000, அவருக்கு 40,000, ஆக 1,80,000. மோட்டார் செலவு 60,000 போக மிச்சம் 1,20,000. சரிபாதி என்றால் ஆளுக்கு 60,000. அவருக்கு 60,000 வர வேண்டுமானால், தண்ணீரால் வரும் 40,000 போதாது, இன்னும் 20,000 அவர் கைக்குப் போக வேண்டும். அதாவது நீங்கள் மோட்டார் முழுவதையும் போட்டு, மேலே 20,000 ரூபாயும் கொடுக்க வேண்டும்! உங்கள் அண்ணன் கேட்டது இந்தக் கணக்குக்கு வெகு தூரத்தில் இல்லை. இது நியாயம் என்று சொல்ல வரவில்லை. பட்டினியாக இருப்பவனும் வயிறு நிறைந்தவனும் பேரம் பேசினால் என்ன ஆகுமோ அதைத்தான் சூத்திரம் அப்படியே காட்டுகிறது. அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, அவரிடம் ஒரு போர் இருந்தால் போதும்.

1982இல் ஏரியல் ரூபின்ஸ்டீன் என்ற பொருளாதார அறிஞர் இதையே காலத்தை வைத்து எழுதினார். ஒருவர் ஒரு பங்கு சொல்வார், மற்றவர் மறுத்துத் தன் பங்கைச் சொல்வார், இப்படி மாறி மாறிப் போகலாம். ஒவ்வொரு சுற்றும் தள்ளிப்போகப் போக இருவருக்கும் நஷ்டம். தள்ளிப்போவதை யார் அதிகம் தாங்குவாரோ அவருக்குப் பெரிய பங்கு. தென்னை தாங்கும், மஞ்சள் தாங்காது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியில் இந்தக் கட்டுரையின் சாரம் இருக்கிறது.

ஆகவே எப்படிப் பேசுவது என்பதை அப்புறம் பார்ப்போம். பேச்சு முறிந்தாலும் மஞ்சள் சாகாமல் இருக்க வேறு வழி உண்டா? அதை முதலில் தேடுங்கள். இன்னொன்று, இதை மட்டும் மறக்காதீர்கள்: பணம் எவ்வளவு கொடுத்தாலும் அந்த ஒரு நாளைக் கொடுக்காதீர்கள். இந்த அவசரம் பங்குனியோடு முடிந்துவிடும். விட்டுக்கொடுத்த நாள் உங்கள் பேரன் காலத்திலும் திரும்பாது.


சந்தைக்காரன்:

நமக்கு தியரி எல்லாம் தெரியாதுங்க. அப்பா கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தையில தரகர், நானும் வியாழக்கிழமை ஆனா அங்கதான் நிக்கறேன். தோள்ல கிடக்கற துண்டை ரெண்டு பேர் கைமேலயும் போட்டு, அடியில விரலைப் புடிச்சு விலை பேசறதைப் பார்த்திருப்பீங்க. ஏன் துண்டு? வாய் விட்டு ஒரு விலை சொல்லிட்டா அது சந்தைக்கே தெரிஞ்சுபோகும். அப்புறம் அதுக்குக் கீழ இறங்குனா மானம் போச்சு. பக்கத்து ஆளும் அதே விலைக்கு நிப்பான். துண்டுக்குள்ள சொன்னா ஏறலாம், இறங்கலாம், ஒருத்தருக்கும் தெரியாது.

நீங்க பண்ண முதல் தப்பு, ஆள் விட்டுச் சொன்னது. பாதி தர்றேன்னு நீங்க சொன்னதும், முழுசும் போடச் சொல்லுன்னு அவர் சொன்னதும் இந்நேரம் டீக்கடை பூரா தெரிஞ்சிருக்கும். இனி அவரா இறங்கணும்னா ஊர் பார்க்க இறங்கணும். அவர் மனசுல இறங்கலாம்னு தோணுனாலும் இறங்கமாட்டார்.

ரெண்டாவது தப்பு, மஞ்சள் சுருளுதுன்னு நாலு பேர்கிட்டப் பொலம்பியிருப்பீங்க. மாடு விக்க வந்தவன் பொண்ணுக்குக் கல்யாணம்னு சொல்லிட்டான்னா முடிஞ்சுது, அந்த மாட்டுக்கு அன்னைக்கு விலையே வராது. வாயைக் கட்டுங்க. ரெண்டு பேரும் ஏத்துக்கற ஒரு பெரிய மனுசனை நடுவுல வைங்க. அவர்கிட்ட மட்டும் உங்க கடைசி விலையைச் சொல்லுங்க. உங்க அண்ணனும் அவரோடதைச் சொல்லட்டும். அவர் ஒண்ணை இன்னொருத்தர்கிட்டச் சொல்லக்கூடாது. நல்ல தரகனுக்கு அதுதான் தொழில்.


மஞ்சக்காட்டான்:

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. டீச்சரம்மா கணக்கைப் படிச்சதும் முதல்ல கோபம்தான் வந்துச்சு. அப்புறம் திரும்பப் படிச்சேன்.

வடக்கால காட்டுக்காரர் ஒருத்தர், எனக்கு மாமன் முறை. அவர் கிணத்துல தண்ணி கெடக்குது, இந்த வருசம் பாதி பூமியைச் சும்மா போட்டிருக்கார். ஹோஸ் போட்டுத் தண்ணி எடுத்துக்கோ, வெட்டு முடிஞ்சதும் மூணு குவிண்டால் மஞ்சள் கொடுங்கறார். என்ன விலை விக்குமோ தெரியாது, ஒரு 40,000 போகும்னு வைங்க. 700 அடி ஹோஸ் வேணும், அது மச்சான்கிட்ட இருக்குது. 40,000 வீணாக் கொடுக்கறதான்னுதான் இதுவரைக்கும் வேண்டாம்னு இருந்தேன். அதையும் கொடுத்து மோட்டாருக்கும் கொடுக்கணும்னா எப்படிங்க?


கரும்பலகை:

வீண் இல்லை தம்பி. இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

மாமன் தண்ணீர் வந்துவிட்டால், அண்ணனோடு பேச்சு முறிந்தாலும் உங்கள் கையில் 1,00,000 இருக்கிறது. இனி கூட்டுக் கிணறு ஓடினால் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 40,000 மட்டுமே. அவருக்கும் அதே 40,000. மொத்தம் 80,000, மோட்டார் 60,000 போக 20,000. சரிபாதி ஆளுக்கு 10,000. அப்படியானால் மோட்டாரில் உங்கள் பங்கு 30,000, அவர் பங்கு 30,000. நீங்கள் முதல் நாள் கேட்ட அதே பாதிப் பாதி! கிணறு அதே கிணறு, மோட்டார் அதே மோட்டார். மாறியது உங்கள் முறிவு நிலை ஒன்றுதான். சூத்திரத்தின்படி முன்பு 80,000 கொடுக்க வேண்டியிருந்தவர் இப்போது 30,000 கொடுக்கிறீர்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, மாணவிகள் எல்லோரும் தடுமாறும் இடம். “பூமியை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விடுவேன்” என்று அண்ணனிடம் சொன்னால் அது வேறு வகை. அதைச் செய்தால் பேரமே முடிந்துபோகும். நீங்கள் செய்யமாட்டீர்கள் என்று அவருக்குத் தெரிந்தால் அந்தச் சொல்லுக்கு எடை கிடையாது. பேச்சு நடக்கிற காலம் முழுக்க மஞ்சளுக்கு ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் அப்படியல்ல. அது ஒவ்வொரு நாளும் உங்கள் அவசரத்தைக் குறைக்கிறது. முறிவு நிலை என்று எழுதும்போது நான் நினைப்பது இதைத்தான்.

சந்தைக்காரர் தம்பி சொன்னதில் பாதியை அப்படியே ஏற்கிறேன். உங்கள் தேவையை மறைக்க வேண்டும், சரி. ஆனால் உங்கள் மாற்றுவழியை மறைக்கக் கூடாது. ஹோஸை எல்லோர் கண்ணிலும் படும்படி போடுங்கள். “எனக்கு வேறு தண்ணீர் இருக்கிறது” என்று வாயால் யாரும் சொல்லலாம், அண்ணன் நம்ப வேண்டியதில்லை. 700 அடி ஹோஸை அவர் நம்பித்தான் ஆக வேண்டும். மூன்று குவிண்டால் என்ற பேச்சை மட்டும் மாமனும் நீங்களும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டைப் பற்றி அவர் எழுதியதைப் படித்து மகிழ்ந்துபோனேன். 1983இல் மயர்சன், சாட்டர்த்வைட் என்ற இருவர் ஒன்றை நிரூபித்தார்கள். வாங்குபவரின் மதிப்பு அவருக்கு மட்டும், விற்பவரின் மதிப்பு அவருக்கு மட்டும் தெரியும், எவர் மதிப்பு அதிகம் என்பதும் முன்கூட்டி நிச்சயமில்லை, வெளியிலிருந்து ஒருவர் பணம் போடவும் இல்லை, யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது என்றால், இருவருக்கும் லாபமான வியாபாரம் ஒன்றுகூடத் தவறாமல் முடியும்படி எந்தப் பேர முறையையும் வகுக்க முடியாது. சில நல்ல வியாபாரங்கள் முறிந்தே போகும். இருவரும் கொஞ்சம் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்வதால் வரும் வினை. துண்டும் தரகரும் அந்த முறிவைக் குறைக்கிறார்கள், முழுக்க ஒழிக்க அவர்களாலும் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. அதே 1982இல் ஜெர்மனியில் வெர்னர் கியூத் முதலிய மூவர் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து, இன்னொருவருக்கு ஒரு பங்கு சொல்லச் சொன்னார்கள். அவர் ஏற்றால் அப்படியே பிரியும், மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. கணக்குப்படி பார்த்தால் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் மிகக் குறைந்த பங்கைச் சொன்னபோது கைக்கு வந்த பணத்தை வேண்டாம் என்று தள்ளியவர்கள் உண்டு. பிறகு பல நாடுகளில் செய்தபோதும் இதேதான். எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொள்ளும் குணம் பல ஊர்களில் இருக்கிறது. அதனால் உங்கள் கை ஓங்கினாலும் அண்ணன் முகம் சுருங்கும்படி எதையும் கேட்காதீர்கள்.

அவர் முகத்தைக் காப்பாற்ற ஒரு பழைய வழி: ஒருவர் பிரிக்க வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். எதிராளிக்கு எது பிடிக்கும் என்று பிரிப்பவருக்குத் தெரியாவிட்டால் எடுப்பவருக்கு லாபம். தெரிந்திருந்தால் பிரிப்பவருக்கு லாபம். உங்களுக்கு அண்ணனைச் சிறு வயதிலிருந்து தெரியும்.


மதகு:

பொதுப்பணித் துறையில் நீர்ப்பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன். தண்ணீர் பற்றிப் பேசிவிட்டார்கள், நான் தடம் பற்றிப் பேச வந்தேன். தயவுசெய்து அடைக்காதீர்கள். அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன்.

1948 ஏப்ரல் 1. பிரிவினை முடிந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. தற்காலிக ஏற்பாடு முந்தின நாளோடு முடிந்துவிட்டது என்று சொல்லி, கிழக்குப் பஞ்சாப் தன் பக்கத்து மதகுகளிலிருந்து பாகிஸ்தானுக்குப் போன கால்வாய்களின் தண்ணீரை நிறுத்தியது. பயிர் வயலில் நின்றது. மே 4ஆம் தேதி ஓர் உடன்பாடு வந்து தண்ணீர் திரும்ப விடப்பட்டது. சில வாரம்தான். அந்தச் சில வாரத்தின் பயம் அடுத்த 12 வருடப் பேச்சிலும் கூடவே உட்கார்ந்திருந்தது. மேலே இருப்பவன் எந்த நேரமும் மூடலாம் என்று ஒருமுறை கண்ணால் பார்த்தவன், அதன்பின் கூட்டாக எதையும் நடத்தச் சம்மதிக்கமாட்டான்.

அதுதான் நடந்தது. 1951இல் அமெரிக்காவிலிருந்து வந்து பார்த்த டேவிட் லிலியன்தால், முழு சிந்துப் படுகையையும் ஒரே அமைப்பாக இரு நாடும் சேர்ந்து நடத்தலாம், உலக வங்கி உதவட்டும் என்றார். பொறியாளன் கண்ணுக்கு அதுதான் மிகச் சிக்கனமான வழி. 1952இல் இரு நாட்டுப் பொறியாளர்களும் உட்கார்ந்தார்கள், நகரவில்லை. 1954 பிப்ரவரியில் வங்கியே ஒரு திட்டத்தை வைத்தது: கிழக்கே இருக்கும் ராவி, பியாஸ், சட்லெஜ் மூன்றும் இந்தியாவுக்கு, மேற்கே இருக்கும் சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. தண்ணீரை அளந்து பிரிக்காமல் ஆற்றையே பிரித்தார்கள். அளப்பதற்கு நம்பிக்கை வேண்டும். எந்த ஆறு யாருடையது என்று சொல்ல ஒரு வரைபடம் போதும்.

அதற்கும் ஆறு வருடம் ஆனது, காரணம் பணம். கிழக்கு ஆறுகளை இழந்தால் அந்த வயல்களுக்கு மேற்கிலிருந்து தண்ணீர் கொண்டுவரப் பாகிஸ்தான் இணைப்புக் கால்வாய்களும் அணைகளும் கட்ட வேண்டும். யார் செலவு? கடைசியில் வங்கி பல நாடுகளைச் சேர்த்து ஏறக்குறைய 90 கோடி டாலருக்கு ஒரு நிதி திரட்டியது. இந்தியா தன் பங்காக 6 கோடியே 20 லட்சம் பவுண்டு, பத்து வருடத் தவணையில் தர ஒப்புக்கொண்டது. 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வெளியிலிருந்து ஒருவர் பணம் போடாவிட்டால் சில நல்ல பேரங்கள் முறியும் என்று மேலே அம்மா எழுதியிருக்கிறாரே, அந்த இடத்தை இங்கே பாருங்கள். 1965, 1971, 1999 மூன்று போரையும் அந்த ஒப்பந்தம் தாண்டியது. 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைப்பதாக அறிவித்திருக்கிறது, அது தனிக் கதை.

உங்கள் அப்பா காலத்து முறையும் இதே அறிவில் வந்ததுதான். இத்தனை லிட்டர் என்று பிரித்திருந்தால் தினமும் சண்டை. விடியல் ஆறு மணி என்றால் யாரும் மறுக்க முடியாது. அதனால் ஆளுக்கொரு மோட்டார் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார் என்றால் யார் முந்தி இறைப்பது என்ற ஓட்டப்பந்தயம் ஆகிவிடும், 70 அடியும் வற்றும்.

தடத்தில் முள்ளைப் போட்டால், மஞ்சளுக்கு வரும் 1,40,000 ரூபாயைவிட நீண்ட காலத்துக்கு அவர் அதை நினைவில் வைத்திருப்பார். சட்டமும் உங்களுக்கு உதவாது. பத்திரத்தில் இல்லாவிட்டாலும், 20 வருடத்துக்கு மேல் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாக நடந்த தடத்துக்கு 1882ஆம் வருட ஈஸ்மென்ட் சட்டப்படி (அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றியது) வழி உரிமை கேட்க முடியும். ஒரு வக்கீல் கடிதத்தில் உங்கள் மிரட்டல் உடைந்துபோகும், உடைந்த மிரட்டலோடு பேரத்துக்கு உட்காருவீர்கள். அதற்குப் பதில் அந்தத் தடத்தை எழுதிக் கொடுக்கிறேன் என்று நீங்களே சொன்னால்? அவருக்கு அது பெரிது. உங்களுக்கு, எப்படியும் இருக்கிற தடம்தான்.

வெளிப்பணம் பற்றி ஒன்று: சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர் முழு மானியத்தில் கிடைக்கிறது. அடுத்த நடவுக்கு முன்னால் எழுதிப் போடுங்கள். குறைந்த தண்ணீரில் மஞ்சள் நிற்குமானால் அதுவும் பேரத்தில் உங்கள் பலம்.


மஞ்சக்காட்டான்:

தை பொறந்து பத்து நாள் கழிச்சு எழுதறேன். பதில் போட்ட எல்லாருக்கும் கடன்பட்டிருக்கேனுங்க.

மறுநாளே ஹோஸ் இழுத்துட்டேன். வண்டித்தடத்து ஓரமாவே போட்டேன், லாரிச் சக்கரம் ஏறாம. காய் ஏத்த வந்த லாரி அதுக்குப் பக்கத்துலயே போச்சு, வந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லலை. தண்ணி பாஞ்ச மூணாம் நாள் மஞ்சள் இலை நிமிர்ந்துடுச்சு. எனக்குத் தூக்கம் வந்துச்சு.

எங்க ரெண்டு பேருக்கும் உரம் கொடுக்கற கடைக்காரர் ஒருத்தர், பெரியப்பாவோட சினேகிதர். அவரைத்தான் நடுவுல வைச்சேன். நான் சொன்னது ரெண்டு சீட்டு. ஒண்ணுல வாரத்துக்கு நாலு நாள், திங்கள் முதல் வியாழன் வரைக்கும், மோட்டாருக்கு 35,000. இன்னொண்ணுல வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாள், மோட்டாருக்கு 25,000. எது வந்தாலும் எனக்குச் சரின்னு மூணு ராத்திரி யோசிச்சுத்தான் எழுதினேன். எங்க பக்கம் பாகம் பிரிக்கையில மூத்தவர் பிரிப்பார், இளையவர் முதல்ல எடுப்பார். இதுல தலைகீழா வைச்சேன். இளையவன் நான் பிரிச்சுட்டேன், அண்ணன் பெரியவர், அவரே முதல்ல எடுக்கட்டும்னு கடைக்காரர்கிட்டச் சொல்லி அனுப்பினேன். கூடவே தடத்தை எழுதித் தர்றேன்னும் சொல்லச் சொன்னேன், அவர் கேக்காமயே.

நாலு நாள் பதில் இல்லை. அஞ்சாம் நாள் அவரே கடைக்கு வந்து மூணு நாள் சீட்டை எடுத்துட்டார். போர் இருக்கறதால அவருக்கு நாள் பெருசில்லை, காசுதான் பெருசுன்னு நான் நினைச்சது சரியாப் போச்சு. அவரைப் பொறுத்தவரைக்கும் மோட்டார்ல பாதிக்கும் கம்மியாக் கொடுத்தார், தடமும் கைக்கு வந்துச்சு. எனக்கு மூணு நாள் நாலு நாளாச்சு. மாமனுக்கு மூணு குவிண்டால் பேசுனது பேசுனதுதான், அதுல குறைக்கச் சொல்லமாட்டேன்.

பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடறப்போ ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தோம். “பைப்பு ஜி.ஐ.யா, பி.வி.சி.யா?”ன்னு கேட்டார். ரெண்டு வருசத்துல அவர் எங்கிட்ட நேரா பேசுன முதல் வார்த்தை அதுதான். பி.வி.சி.ன்னேன். சரின்னார். மோட்டார் இறக்கியாச்சு, வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்கு அவரே வந்து ஸ்டார்ட்டரைப் போட்டார்.

ஒண்ணு மட்டும் பத்திரத்துல விட்டுப்போச்சு. அடுத்த தடவை மோட்டார் எரிஞ்சா செலவு பாதிப் பாதியா, நாலுக்கு மூணா? எரிஞ்சப்போ பார்த்துக்கலாம்னு கடைக்காரர் சொல்றார்.


கரும்பலகை:

எரிந்த பிறகு வேண்டாம். எரிந்த அன்று ஒருவருக்கு அவசரம் இருக்கும், இன்னொருவருக்கு இருக்காது, திரும்பவும் முதல் நாள் கணக்குக்கே போய்விடுவீர்கள். அடுத்த முறை யார் வயல் காயும் என்று இன்றைக்கு இருவருக்குமே தெரியாது. பேசுவதற்கு இதைவிட நல்ல நேரம் வராது. நாலுக்கு மூன்று என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள், நாலு உங்கள் பங்கு. கூடவே, எரிந்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் ஒருவர் பணம் தராவிட்டால் மற்றவர் போட்டுவிடலாம், பாக்கி வரும்வரை தராதவரின் முறையில் ஒரு நாள் போட்டவருக்கு என்றும் எழுதுங்கள். இந்த வாரமே, வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அவர் ஸ்டார்ட்டர் போட வரும்போது கேளுங்கள்.